மேடைக்கு அருகே குரல் மங்குவது ஏன்?

கேள்வி: புதிய ஆல்பத்தில் என்னை உருக வைத்த பாடலை மேடையை ஒட்டி நின்று நேரில் கேட்டபோது, சொற்களே தெளிவாக விழவில்லையே, ஏன்?

பதில்: ஆல்பத்தில் குரலையும் கருவிகளையும் பொறுமையாகச் சமன் செய்ய அவகாசம் உண்டு, மேடையில் ஒலிப் பொறியாளர் அதை அந்தந்த நொடியிலேயே செய்தாக வேண்டும். அதிலும், மேடையை ஒட்டி நிற்பவருக்கு டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் நேராகக் காதில் மோத, குரலைச் சுமந்து வரும் பெரிய ஸ்பீக்கர்களின் ஒலி அவருடைய தலைக்கு மேலாகவும் பக்கவாட்டிலும் கடந்து போய்விடுகிறது. அடுத்த முறை மிக்ஸிங் மேசைக்கு அருகில் நின்று பாருங்கள். பொறியாளர் கேட்டுச் சரிசெய்வது அங்கிருந்துதான். அப்படி நின்ற ஓர் இரவில், ஆல்பத்தில் நான் கவனிக்கவே தவறியிருந்த, இரு வரிகளுக்கு இடையில் பாடகி மூச்சிழுக்கும் ஓசை கேட்டுச் சிலிர்த்துப்போனேன். காதடைப்பானையும் மறக்காதீர்கள், 100 டெசிபெல் ஒலியில் 15 நிமிடங்களுக்கு மேல் நிற்பது செவிக்கு ஆபத்து.