மருத்துவ ரோபோவியல், ஒளிவழி நோயறிதல்: பிஎச்.டி. தேடுவோர் கேட்டவையும் பதில்களும்

கேள்வி (எம்.இ. மெக்கானிக்கல், திருச்சி): மேடம், பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். உயிரியல் சுத்தமாகத் தெரியாது. மருத்துவ ரோபோ ஆய்வுக்கு என்னை எடுப்பார்களா?

பதில்: எடுப்பார்கள். உடற்கூறியலைச் சேர்ந்த பிறகு மருத்துவரிடம் கேட்டுப் படித்துக்கொள்ளலாம். கைனமேட்டிக்ஸும் (ரோபோவின் அசைவுக் கணிதம்) கன்ட்ரோலும் (அந்த அசைவைக் கட்டுப்படுத்தும் முறை) வரும்போதே கையில் இருக்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கு முன் ஒன்று செய்யுங்கள். கசீபோ என்ற ரோபோ சிமுலேட்டரில் ஆறு அச்சு ரோபோக் கை ஒன்றை எடுத்து, முனையில் 30 செ.மீ. நீளக் கருவியைப் பொருத்துங்கள். வயிற்றில் போட்ட துளையாக ஒரு புள்ளியை நிலையாக வையுங்கள். கருவி எப்படிச் சாய்ந்தாலும் அதன் தண்டு அந்தப் புள்ளியை விட்டு விலகாதபடி புரோகிராம் எழுதுங்கள். எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது, எந்த வேகத்தில் விலகல் கூடுகிறது என்று வரைபடம் போடுங்கள். பத்து ஆன்லைன் சான்றிதழ்களை விட இந்த ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி (எம்.எஸ்சி. இயற்பியல், மதுரை): ஓ.சி.டி.யில் சேர்வதா, ராமன் நிறமாலையில் சேர்வதா?

பதில்: ஓ.சி.டி. (ஒளியால் திசுவின் குறுக்குவெட்டைப் படமெடுக்கும் முறை) திசுவின் அடுக்குகளைக் காட்டும். ராமன் (திசுவில் சிதறும் லேசர் ஒளியின் நிற மாற்றத்தை அளக்கும் முறை) அதன் வேதியியலைச் சொல்லும். இரண்டுக்கும் வேண்டிய மனநிலையே வேறு.

ஓ.சி.டி. 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழுவின் கட்டுரையோடு அறிமுகமானது. இன்று கண் மருத்துவமனைகளில் அன்றாடக் கருவி. 840 நானோமீட்டரை மையமாகவும் 50 நானோமீட்டர் அலைநீள அகலமும் கொண்ட ஒளிமூலம் போட்டால், ஆழத்தில் காற்றில் சுமார் 6 மைக்ரானும் திசுவில் 4.5 மைக்ரானும் பிரித்துப் பார்க்கலாம். தோலில் இன்னும் ஆழம் வேண்டுமென்று 1300 நானோமீட்டருக்குப் போகலாம். விழித்திரைக்கு அது உதவாது: கண்ணுக்குள் இருக்கும் நீரே அந்த ஒளியை விழுங்கிவிடும். விழித்திரைப் படங்களில் ஏற்கெனவே கூட்டம் அதிகம். எண்டோஸ்கோப் முனையில் ஓ.சி.டி.யைப் பொருத்தும் வேலையில் இன்னும் நிறைய இடமிருக்கிறது என்பது என் கணிப்பு.

ராமனில் சிக்கல் சிக்னலிலேயே தொடங்குகிறது. சிதறும் போட்டான்களில் (ஒளித்துகள்களில்) ஏறத்தாழ கோடிக்கு ஒன்றுதான் நமக்கு வேண்டியது. திசுவின் ஒளிர்வு அதை மூழ்கடிக்கும் என்பதால்தான் பெரும்பாலும் 785 நானோமீட்டர் லேசர். அதோடு, ஒளியைக் கொண்டுபோகும் சிலிக்கா இழையும் தனக்கென ஒரு ராமன் சிக்னலைத் தரும். புரோபின் (திசுவில் வைக்கும் அளவுக் கருவியின்) முனையில் ஃபில்டர் இல்லையென்றால் இழையைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். லேசரின் திறனைக் கூட்டித் தப்பிக்கவும் வழியில்லை. இந்த அலைநீளத்தில் தோலுக்கான பாதுகாப்பு வரம்பு ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 0.3 வாட். அதை 3.5 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் சராசரியாகக் கணக்கிட வேண்டும் என்பதால், கிடைப்பது சுமார் 28 மில்லிவாட்தான். அளவீட்டு நேரம் நீளும், நோயாளி அசைவார், நிறமாலை கெடும். இதோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டப் பொறுமை இருந்தால் ராமன்.

கேள்வி (பி.டெக். பயோமெடிக்கல், கோவை): இந்தியாவிலேயே செய்ய நல்ல இடம் எது? உதவித்தொகை எவ்வளவு?

பதில்: ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் இணைந்து மருத்துவக் கருவித் துறையில் படிப்புகளை நடத்துகின்றன. முதலில் அதைப் பாருங்கள். பொறியாளரும் நோயாளியும் ஒரே திட்டத்துக்குள் வரும் ஏற்பாடு எளிதில் அமைவதில்லை. 2020 முதல் கேட் தேர்வில் பயோமெடிக்கலுக்குத் தனித்தாள் உண்டு. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனதும் 42,000. வீட்டு வாடகைப்படி தனி.

கேள்வி (மூனிக்கில் எம்.எஸ். முடித்தவர்): ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க்கில் ஜெர்மனியில் ஓர் இடம், பெல்ஜியத்தின் லூவனில் ஓர் இடம். இரண்டு வருடமாக இங்கேதான் இருக்கிறேன்.

பதில்: ஜெர்மன் இடம் உங்களுக்குக் கிடைக்காது. பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது. படித்த காலமும் கணக்கில் சேரும். லூவனுக்குப் போடுங்கள். 2017இல் விழித்திரைச் சிரைக்குள் (ரத்தக் குழாய்க்குள்) ரோபோ உதவியோடு ஊசி செலுத்தியது அங்கேதான். ஜெர்மனியிலேயே இருக்க வேண்டுமென்றால் சம்பளத்துடன் கூடிய பல்கலைக்கழக ஒப்பந்தங்களைப் பாருங்கள். பெரும்பாலும் இ-13 ஊதிய நிலை. ஆனால் முழுநேரச் சம்பளத்தில் 65 சதவீதமா 100 சதவீதமா என்று விளம்பரத்தில் கவனியுங்கள். ஒளியியலில் ஆர்வம் என்றால் ஜேனாவின் லைப்னிட்ஸ் ஒளியியல் நிறுவனம்.

கேள்வி (எம்.டெக். டேட்டா சயின்ஸ், சென்னை): 99 சதவீதத் துல்லியம் என்று கட்டுரைகள் வருகின்றனவே. ஓ.சி.டி. படங்களில் டீப் லேர்னிங் செய்ய இன்னும் என்ன மிச்சம்?

பதில்: அந்த 99 எப்படி வந்தது என்று பார்ப்பதே ஒரு நல்ல தொடக்கம். ஒரு கண்ணை ஸ்கேன் செய்தால் நூற்றுக்கு மேற்பட்ட குறுக்குவெட்டுப் படங்கள் வரலாம். அடுத்தடுத்தவை இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். அவற்றைக் கலைத்துப்போட்டுப் பிரித்தால், பயிற்சியில் பார்த்த கண்ணே தேர்விலும் வரும். படவாரியாக அல்ல, நோயாளிவாரியாகப் பிரியுங்கள். ஒருவரின் இரண்டு கண்களும் ஒரே பக்கம் இருக்கட்டும்.

ராமனில் இது வேறு வேடத்தில் வரும். புற்றுத் திசுவை ஒரு வாரமும் நல்ல திசுவை அடுத்த வாரமும் அளந்தால், மாடல் கற்றுக்கொள்வது கருவியின் நகர்வை. தினமும் வேலை தொடங்குமுன் சிலிக்கான் துண்டின் 520.5 cm⁻¹ அருகிலுள்ள நிறமாலைச் சிகரத்தையும், பாராசிட்டமாலின் சிகரங்களையும் அளந்து குறித்துவையுங்கள். ஆம், அதே மாத்திரை மருந்துதான்; தூய தூளாக வாங்குங்கள்.

கேள்வி (முதலாண்டு ஆய்வு மாணவி): நெறிமுறைக் குழு அனுமதியை இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாமா மேடம்?

பதில்: வேண்டாம்மா. முதல் மூன்று மாதத்திலேயே தொடங்கு. ஆய்வுத் திட்டம், எத்தனை நோயாளிகள் என்பதற்கான கணக்கு, தமிழில் ஒப்புதல் படிவம், பொறுப்பேற்கும் மருத்துவர், இவற்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும்.

அதுவரை போலித் திசுவில் வேலை செய். 20 சதவீத இன்ட்ராலிப்பிடை (நரம்பு வழி ஏற்றும் கொழுப்புக் கரைசலை) இருபது மடங்கு நீர்த்தால் திசுவை ஒத்த ஒளிச்சிதறல் கிடைக்கும். அகர் (கடற்பாசி ஜெல்லி) 1 சதவீதம் காய்ச்சி, 50 டிகிரிக்கு ஆறியதும் அதில் கலக்கு. ஒளி உறிஞ்சலுக்கு இந்தியன் இங்க் சொட்டுச் சொட்டாக. ஃபிரிட்ஜில் சில நாள்தான் தாங்கும். நீடித்து வேண்டுமென்றால் பி.டி.எம்.எஸ். சிலிக்கோனில் டைட்டானியம் டை ஆக்சைடு. நன்றாகக் கலக்காவிட்டால் தூள் அடியில் தங்கி, மேலே ஒரு சிதறல் கீழே ஒரு சிதறல் என்றாகிவிடும். ராமன் வேலைக்கு மட்டும் சிலிக்கோன் வேண்டாம். அதன் சொந்தச் சிகரங்கள் எல்லாவற்றையும் மறைக்கும்.

கேள்வி (கொழும்பு): பேராசிரியருக்கு மின்னஞ்சலில் என்ன கேட்பது?

பதில்: உங்களைப் பற்றி நான்கு வரி, அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்கு எழுந்த ஒரு சந்தேகம், நீங்கள் செய்த வேலைக்கு ஒரு இணைப்பு. பதில் வந்ததும் இதைக் கேளுங்கள்: கூட்டு மருத்துவர் யார், கருவி நிற்பது ஆய்வுக்கூடத்திலா மருத்துவமனையிலா? பிறகு அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவரைத் தேடிப் பிடித்து, இதுவரை எத்தனை நோயாளிகளை அளந்தார் என்று கேளுங்கள். பூஜ்யம் என்றால், உதவித்தொகை எவ்வளவு இருந்தாலும் வேறு கூடம் பாருங்கள்.