பூஞ்சைக்குச் சூடு ஏறினால்: தில்லித் தமிழர்கள் கேட்டவை

பூஞ்சை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர், அனுப்பப்பட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்.

மயூர் விஹார் வாசகர்: ஜூன் மாத தில்லி வெயிலில் பூஞ்சைகளுக்குச் சூடு பழகிவிடுமா மேடம்?

வெயிலில் கிடந்து பிழைப்பது வேறு, அந்தச் சூட்டில் வளர்வது வேறு சார். பெரும்பாலான பூஞ்சைகள் 37 டிகிரியிலேயே திணறிவிடும். நம் உடம்புச் சூடே நமக்குப் பெரிய காவல். அதையும் மீறுபவை சிலதான். ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுக்கப்பட்டு 2009-ல் அறிவிக்கப்பட்ட காண்டிடா ஆரிஸ் 42 டிகிரியிலும் வளரும். 2013-ல் தில்லியிலிருந்தும் அதைப் பற்றி ஆய்வறிக்கை வந்தது. புவி வெப்பமாதல்தான் அதைப் பழக்கியது என்பது இன்னும் கருதுகோள் மட்டுமே.

முனிர்க்கா, எம்.எஸ்சி. மாணவி: சூடு ஏறியது மரபணுவுக்கு எப்படித் தெரிகிறது அக்கா?

இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்மா. மனிதர்களுக்குத் தொற்று உண்டாக்கும் காண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சையை எடுத்துக்கொள். அதன் செல்லில் ஹெச்எஸ்எஃப்1 என்ற புரதம் இருக்கிறது. சூட்டைச் சமாளிக்க உதவும் 'வெப்ப அதிர்ச்சி' மரபணுக்களைத் தூண்டிவிடுவது அதுதான். சாதாரண நேரத்தில் ஹெச்எஸ்பி90 என்ற துணைப்புரதம் (மற்ற புரதங்கள் சரியாக மடிய உதவுவது) அதைப் பிடித்து அடக்கி வைத்திருக்கும். சூடு ஏறினால் மற்ற புரதங்கள் மடிப்புக் குலைந்து, முட்டை வெள்ளைக்கரு போலத் திரளத் தொடங்கும். ஹெச்எஸ்பி90 அவற்றைக் காப்பாற்றப் போய்விடும். பிடி தளர்ந்த ஹெச்எஸ்எஃப்1 தன்மேல் பாஸ்பேட் மூலக்கூறுகள் ஒட்டி வீரியம் பெறும். டிஎன்ஏவில் ஜிஏஏ என்ற எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் அமர்ந்து, மரபணுக்கள் ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுவதைக் கூட்டும். அப்படி உற்பத்தியாவதில் ஹெச்எஸ்பி90-உம் ஒன்று! போதுமான அளவு சேர்ந்ததும் அதுவே ஹெச்எஸ்எஃப்1-ஐ மறுபடி அடக்கிவிடும். தூண்டியதே தன்னை நிறுத்திக்கொள்ளவும் வழி செய்துவிடுகிறது, எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ஆய்வகத்தில், 30 டிகிரியில் வளர்ந்த செல்களை 42 டிகிரி தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து ஆர்என்ஏ பிரித்துப் பார்த்தால் இந்த ஏற்ற இறக்கம் தெரியும்.

அதே மாணவி: அப்படியென்றால் பிழைக்க நிறைய மரபணுக்கள் வேலை செய்ய வேண்டுமா?

நிறுத்துவதும் அதே அளவு முக்கியம். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ், 37 டிகிரிக்கு மாறியதும் ரைபோசோம் (செல்லில் புரதம் தயாரிக்கும் இயந்திரம்) புரதங்களுக்கான எம்ஆர்என்ஏக்களை, அதாவது மரபணுவின் ஆர்என்ஏ படிகளை, வேகமாக அழித்துவிடும். ரைபோசோம் கட்டுவது பெரிய செலவு. நெருக்கடியில் அதைத் தள்ளிப்போடுகிறது. எம்ஆர்என்ஏவின் வாலைக் கத்தரிக்கும் சிசிஆர்4 புரதத்தை நீக்கிவிட்டால் கிரிப்டோகாக்கஸால் அந்தச் சூட்டைச் சரியாகத் தாங்க முடியாது.

கரோல் பாக் வாசகர்: காய்ச்சல் வந்தால் பூஞ்சை செத்துவிடுமா?

நோய் தரும் வகைகள் சாதாரணக் காய்ச்சலுக்குச் சாகாது. நீங்களாகக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஆர்.கே. புரம் வாசகர்: ஹெச்எஸ்பி90-ஐயே மருந்தால் முடக்கலாமே?

முடக்கினால் பலன் உண்டு. அசோல் என்ற வகைப் பூஞ்சைக்கொல்லி மருந்துகளைப் பூஞ்சை சமாளிப்பதே இந்தப் புரதத்தின் துணையால்தான் என்று 2005-லேயே காட்டினார்கள். ஆனால் நம் செல்லிலும் கிட்டத்தட்ட அதே ஹெச்எஸ்பி90 இருக்கிறது. கால்சினியூரின் என்ற நொதியின் கதையும் இதேதான்: 37 டிகிரியில் வளர கிரிப்டோகாக்கஸுக்கு அது வேண்டும், ஆனால் அதைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் என்ற மருந்து நம் நோய் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கும். அதனால் பூஞ்சையின் ஹெச்எஸ்பி90-ஐ மட்டும் கூடுதலாகப் பிடிக்கும் சேர்மங்களைத் தேடுகிறார்கள். ஆய்வகத்தில் அப்படிச் சில கிடைத்தும் இருக்கின்றன.