நாலைந்து மைல் தண்ணீர்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய தூத்துக்குடிப் பயணக் குறிப்பைப் படித்தேன். அதில் 'இந்த ஊரைப் பெற்றதே துறைமுகம்தான்' என்று ஒரு வரி வருகிறது. அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் ஷிப்பிங் பிரிவில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். திரைச்சீலை, மேசைவிரிப்பு, சமையலறைத் துண்டு என்று மாதத்துக்கு ஏழெட்டு கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் போகும். நேரிலும் மூன்று தடவை போயிருக்கிறேன். உப்பளங்களுக்கு நடுவே நீளமான சாலை, லாரி வரிசை, வேலி, பாஸ் கேட்கும் காவலர், நிலக்கரி மேடு. இவ்வளவுதான் கண்ணில் பட்டது. ஊர் ஒரு பக்கம் இருக்கிறது, துறைமுகம் ஒரு பக்கம் இருக்கிறது. என் பெட்டி உள்ளே போகிறது, கொழும்புக்குப் போகிறது, அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. இதில் ஊருக்கு என்ன இருக்கிறது? சுங்கச்சாவடி பக்கத்தில் இருப்பதால் ஒரு கிராமத்துக்குப் பண்பாடு வந்துவிடுமா?

ஆவணியில் நண்பன் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி வருகிறேன். வேலிக்கு வெளியே பார்க்க ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

ச.,
கரூர்

அன்புள்ள ச.,

நீங்கள் பார்த்ததெல்லாம் உண்மை. ஆனால் நீங்கள் மூன்று தடவையும் போனது புதுத் துறைமுகத்துக்கு. 1974 ஜூலை 11-ஆம் தேதி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது அது. அந்த வரியை எழுதும்போது என் மனதில் இருந்தது ஊருக்குள்ளேயே இருக்கும் பழைய துறைமுகம். இன்னும் சரியாகச் சொன்னால், துறைமுகமே அல்ல; அதன் முன்னால் கிடக்கும் ஆழமில்லாத கடல்.

தூத்துக்குடிக் கடல் ஆழம் குறைந்தது. நீராவிக் கப்பல்கள் வந்த காலத்தில் அவை கரையை நெருங்க முடியாமல் நாலைந்து மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரையில் இருக்கும் சரக்கு அங்கே போக வேண்டும், அங்கே இருப்பது இங்கே வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓடியவை தோணிகள். பாய்மரம் கட்டிய பெரிய மரக்கலங்கள். தோணி கட்டும் ஆசாரி, தோணி முதலாளி, தோணியை நடத்தும் தண்டல், அவர் கீழே வேலை செய்யும் ஆட்கள், பாய் தைப்பவர்கள், மூட்டை சுமப்பவர்கள், சரக்கு வைக்கும் கிட்டங்கிக்காரர்கள், கணக்கப்பிள்ளைகள் என்று ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் கிடந்த அந்த நாலைந்து மைல் தண்ணீர். கப்பல் நேராகக் கரைக்கு வந்து நின்றிருந்தால் இத்தனை பேருக்கு அங்கே வேலை இருந்திருக்காது.

எனக்கு அது சொந்த ஊரில்லை, என் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். மாமா ஒரு சரக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கப்பிள்ளை. எழுபதாம் வருஷம் வாக்கில், பள்ளிக்கூட லீவுக்குப் போயிருந்தபோது, என்னைத் தோணி ஏற்றுகிற இடத்துக்குக் கூட்டிப்போனார். எனக்கு எட்டு வயது. அன்றைக்கு ஏறியது நிலாவரை இலை. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் காட்டில் விளைகிற மருந்துச் செடி அது. மலச்சிக்கலுக்கு மருந்து செய்ய ஐரோப்பாவுக்குப் போகும். காய்ந்த இலையை அமுக்கிக் கட்டிய மூட்டைகள். கரையிலிருந்து தோணிக்கு ஒரு பலகை போட்டிருந்தார்கள். ஆள் ஏறினால் பலகை நடுவில் வளையும். அடுத்த அடி வைக்கும்போது அது நிமிர்ந்து அவரை மேலே தள்ளிவிடும். அந்த வளைவுக்கு ஏற்றபடி கால் வைக்கத் தெரிந்தவர்தான் சுமக்க முடியும் என்று மாமா சொன்னார். குடையின் கீழே நின்று அவர் எண்ணினார். முதல் மூட்டைக்கு 'ஒண்ணு' என்று சொல்லவில்லை. 'லாபம்' என்றார். அப்புறம் 'ரெண்டு, மூணு.' நம் ஊர் நெல் களத்திலும் இப்படித்தான் எண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதே சொல் கடலோரத்திலும் கேட்டபோது ஏனோ மனசுக்கு நிறைவாக இருந்தது.

இப்போது வ.உ.சி.யின் கதையை இந்தத் தண்ணீரோடு சேர்த்துப் பாருங்கள். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், 25 ரூபாய்ப் பங்குகள் 40,000. காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. எதிரே பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். நாம் பள்ளிப் பாடத்தில் கப்பலை மட்டும் படிக்கிறோம். அந்தக் கப்பலும் கடலுக்குள்தான் நின்றது. அதற்கு ஆளையும் சரக்கையும் கொண்டுபோய்ச் சேர்க்கக் கரையில் ஓர் ஊரே வேண்டியிருந்தது. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; வ.உ.சி. அவர்களோடு நின்றார், கூலி உயர்வு கிடைத்தது. மார்ச் 12-ஆம் தேதி அவர் கைதானதும் தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர்கள் மட்டுமல்ல, நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களும் குதிரை வண்டிக்காரர்களும் முடிதிருத்துகிறவர்களும் வேலையை நிறுத்தினார்கள். கப்பல் கம்பெனிக்காரர் ஒருவர் சிறைக்குப் போனதற்கு முடிதிருத்துகிறவர் ஏன் கத்தியைக் கீழே வைக்க வேண்டும்? அந்தக் கரையில் எல்லார் பிழைப்பும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது என்பதுதான் எனக்குத் தெரிந்த விடை. சுங்கச்சாவடிப் பணியாளர் கைதானால் பக்கத்து ஊர் கடையடைக்காது. உங்கள் உவமை எனக்கு இடிக்கிற இடம் இதுதான்.

பண்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கும் இந்த ஆழமில்லாத கடலுக்குத்தான் போக வேண்டும். முத்துச் சிப்பியும் சங்கும் ஆள் மூச்சடக்கிப் போய் எடுக்கக்கூடிய ஆழத்தில் கிடந்ததால்தான் மன்னார் வளைகுடா உலகத்துக்குத் தெரிந்தது. பாண்டியர் காலத்தில் கொற்கை துறைமுகம். தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து தள்ளத் தள்ள, கடல் பின்வாங்கி, கொற்கை இன்று வயலுக்கு நடுவே இருக்கிறது. பிறகு காயல், பிறகு புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. துறை நகர்ந்தது, முத்தும் சங்கும் குளிக்கிற மக்கள் அதே பரதவர்கள்தான். 1530-களில் பரதவர்கள் கிறிஸ்தவம் தழுவினார்கள். போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பு அதோடு வந்தது. 1658-இல் டச்சுக்காரர் வந்தார்கள், அப்புறம் ஆங்கிலேயர். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பனிமய மாதா கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். ஊர்க்காரர்கள் பழகிய வாயில் 'தஸ்நேவிஸ் மாதா' என்பார்கள். போர்ச்சுக்கீசிய மொழியில் 'பனியின்' என்று பொருள். பனி விழுந்தே பார்க்காத, உப்பு காய்கிற வெயிலில் இருக்கும் ஊருக்குப் பனி மாதா! ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் திருவிழா முடியும். அந்தத் தேதியைக் குறித்தது ரோமாபுரி. ஆனால் அது தென்மேற்குக் காற்று கடுமையாக வீசும் காலம். தோணிகள் கடலுக்குப் போகாமல் கரையில் கிடக்கிற மாதங்கள். கடலோடிகள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். தேரிழுக்க ஆள் இருக்கும். என் அத்தை வீட்டுத் தெருவில் ஆண்கள் கூட்டமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை நான் அந்த நாட்களில்தான் பார்த்தேன்.

இது கரையோரத்தில் மட்டும் தங்கிவிடவில்லை. நாளைக் காலை உங்கள் ஆபீஸில் அலமாரியைத் திறக்கச் சாவியைத் தேடுவீர்கள், ஜன்னலைத் திறப்பீர்கள். அலமாரி, சாவி, ஜன்னல் மூன்றும் போர்ச்சுக்கீசியக் கப்பல்களோடு நம் கரைகளில் இறங்கிய சொற்கள். மீன் 'ஏலம்' என்கிறோமே, அதுவும். தூத்துக்குடி மக்ரூனுக்குப் போடுகிற முந்திரியும் அவர்கள் கொண்டுவந்த மரத்தில் காய்த்ததுதான். முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடித்து, அரைத்த முந்திரியைக் கலந்து, கூம்பாகப் பிழிந்து மெல்லிய சூட்டில் வைப்பார்கள். வாயில் வைத்தால் முதலில் நொறுங்கும், உடனே கரையும்.

கொழும்பு உறவையும் விட்டுவிட முடியாது. 1914-இல் பாம்பன் வழி ரயில் திறக்கும்வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் தூத்துக்குடியில்தான் ரயிலை விட்டு இறங்கிக் கப்பலேற வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஏராளமான கூலித் தொழிலாளிகளும் இந்தக் கரையிலிருந்துதான் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் சொந்த மண்ணைக் கடைசியாகப் பார்த்த இடம் இது. 2011-இல் தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பலை மறுபடி விட்டார்கள். சில மாதங்களில் நின்றுபோனது. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

சரி, புதுத் துறைமுகத்துக்கு வருகிறேன். கப்பல் கரைக்கு வர முடியாததால் கரை கப்பலிடம் போனது. ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர் அளவுக்கு இரண்டு கல் அணைகளைக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய செயற்கைத் துறைமுகம் அது. அதனால்தான் 1,050 மெகாவாட் அனல் மின்நிலையத்துக்குக் கப்பலில் நிலக்கரி வர முடிந்தது, உரத் தொழிற்சாலை வந்தது, இன்று ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கு கையாளப்படுகிறது. முதுகில் மூட்டை சுமந்து நாற்பது வயதில் நிமிர முடியாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிரேன் வந்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நாலைந்து மைல் தண்ணீரில் பிழைத்த அத்தனை பேருக்கும் வேலிக்கு உள்ளே இடம் இருக்கவில்லை. நீங்கள் பார்த்த பிரிவு அங்கே தொடங்கியது. வெளியிலிருந்து கப்பலில் தாமிரத் தாது வந்தது, ஸ்டெர்லைட் ஆலை வந்தது, புகையும் தண்ணீரும் ஊரில் கேள்வியாயின, கேட்கப்போன மக்களில் 13 பேர் 2018 மே 22-இல் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனார்கள். துறைமுகம் தனி, ஊர் தனி என்று இருந்திருந்தால் அந்த உயிர்கள் போயிருக்காது.

உங்கள் கன்டெய்னர் விஷயமும் இதே கதைதான். உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வருவதில்லை. ஆழம் ஒரு முக்கியக் காரணம். ஆகவே உங்கள் பெட்டி சின்னக் கப்பலில் ஓர் இரவுப் பயணமாகக் கொழும்புக்குப் போய் மாறுகிறது. அந்த ஃபீடர் கப்பல் செய்வது பழைய தோணியின் வேலையேதான். பெரிய கப்பல் நிற்கும் இடம் நாலைந்து மைலிலிருந்து கொழும்புக்குத் தள்ளிப் போயிருக்கிறது. நடுவில் கிடக்கும் தண்ணீரில் பிழைக்கிறவர்களும் மாறிவிட்டார்கள். பெட்டியை இறக்கி ஏற்றும் கூலி கொழும்பில் தங்குகிறது. ஆழப்படுத்துவதும் வெளித்துறைமுகம் கட்டுவதும் பற்றிப் பேச்சு நடக்கும்போதெல்லாம் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் எத்தனை வேலை? அதைக் கேட்க உரிமையுள்ளவர்களில் நீங்களும் ஒருவர். பதினோரு வருஷம் சரக்கு அனுப்பியவர் அல்லவா!

ஆவணியில் வருவது நல்ல நேரம். தேர்த் திருவிழா முடிந்திருக்கும். (தங்கத்தேர் எல்லா வருஷமும் ஓடாது, அதனால் வருத்தப்பட வேண்டாம்.) காலையில் பழைய துறைமுகப் பக்கம் போங்கள். தோணிகள் இன்னும் இருக்கின்றன. இப்போது எஞ்சின் பொருத்தியவை. வெங்காயம், காய்கறி, செங்கல், சிமெண்ட் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிறவை. காற்று தணியக் காத்திருக்கும் அந்த வாரங்களில் சில தோணிகளைப் பழுது பார்ப்பார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்குவதைக் கலப்பத்து என்பார்கள். உளி விழுகிற சத்தத்தை வைத்தே பலகை இறுகிவிட்டதா என்று மூத்தவர்கள் சொல்லிவிடுவார்கள். கிட்டப் போய் நிற்க வேண்டுமென்றால் அங்கிருக்கும் தண்டல் யாரிடமாவது கேளுங்கள், 'கரூரிலிருந்து வர்றேன், எங்க சரக்கும் இந்தக் கடல்லதான் போகுது' என்று சொல்லுங்கள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். மத்தியானம் கல்யாணச் சாப்பாடு இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்.