‘வேறு வழியில்லை’ என்று சொன்னது யார்?

கேள்வி: நண்பர் வற்புறுத்திக் கொடுத்ததால் அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட்டின் ‘ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்’ நாவலைப் படித்தேன். போர் எதிர்ப்பு நாவல் என்றார். நடப்பதெல்லாம் முன்பே முடிவானது, யாராலும் எதையும் மாற்ற முடியாது என்றுதான் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. யார் செத்தாலும் ‘அப்படித்தான்’ என்று ஒரு வார்த்தை, பிறகு அடுத்த வேலை. விதி என்று நம் ஊர்ப் பாட்டிகள் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அப்படியானால் குண்டு போட்டவனுக்கும் அதே விதிதானே? போதாததற்கு, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் குண்டுவீச்சில் இறந்தவர்கள் என்று அவர் சொல்லும் எண்ணிக்கையே தவறாமே? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். ஆம், தவறுதான். நாவலில் வரும் 1,35,000 என்ற எண் டேவிட் இர்விங்கின் நூலிலிருந்து எடுத்தது. யூதப் படுகொலையை மறுத்துப் பேசி, தானே தொடுத்த அவதூறு வழக்கில் 2000-ஆம் ஆண்டு லண்டனில் மூக்குடைபட்டவர் அந்த இர்விங். ட்ரெஸ்டன் நகரம் அமைத்த வரலாற்றாய்வாளர் குழு 2010-இல் சொன்ன கணக்கு: அதிகபட்சம் 25,000. குறைந்துவிட்டதே என்று யாரும் பெருமூச்சு விடக்கூடிய எண் இல்லை அதுவும்.

புள்ளிவிவரத்துக்கு வானகட்டிடம் போகாதீர்கள். அவரிடம் இருந்தது வேறு. 1944 டிசம்பரில் ஆர்டென் காட்டுச் சண்டையில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, 22 வயதுக் கைதியாக ட்ரெஸ்டனில் இருந்தவர். பிப்ரவரி 13 இரவு ஏறக்குறைய 800 பிரிட்டிஷ் விமானங்கள் இரண்டு அலையாக வந்து நகரத்தைக் கொளுத்தியபோது, ஓர் அறுப்புக்கூடத்துக்கு அடியில், இறைச்சி வைக்கும் நிலவறையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கூடத்தின் எண் ஐந்து. மேலே வந்தபோது நகரம் இல்லை. அதன்பின் இடிபாடுகளுக்குள்ளிருந்து பிணங்களைத் தோண்டி எடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அதை எழுதி வெளியிட அவருக்கு 1969 வரை ஆனது.

இனி விதி. யார் பேசுகிறார்கள் என்று பார்க்காமல் படித்திருக்கிறீர்கள் ஐயா. சுயவிருப்பம் என்று ஒன்று கிடையாது என்று நாவலில் அடித்துச் சொல்பவர்கள் ட்ரால்ஃபமடோர் கிரகத்துவாசிகள். வானகட்டைப் போலவே ட்ரெஸ்டனில் கைதியாக இருந்து பிணம் தோண்டிய கதாநாயகன் பில்லி பில்கிரிமைப் பறக்கும் தட்டில் கடத்திக்கொண்டுபோய், மிருகக்காட்சிசாலையில் அம்மணமாக நிறுத்தி வேடிக்கை பார்ப்பவர்கள். மனிதர்கள் வாழும் பூமியைத் தவிர வேறெங்கும் சுயவிருப்பம் என்ற பேச்சையே கேட்டதில்லை என்கிறார்கள். இந்தப் பிரபஞ்சம் எப்படி முடியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்: புது எரிபொருளைச் சோதிக்க அவர்களுடைய விமானி ஒருவன் பொத்தானை அழுத்துவான், எல்லாம் போய்விடும். தடுக்கக் கூடாதா என்று பில்லி கேட்கிறான். அவன் எப்போதும் அழுத்தியிருக்கிறான், எப்போதும் அழுத்துவான், அவ்வளவுதான் என்று பதில். கெட்ட நேரங்களைப் பார்க்காதே, நல்ல நேரங்களை மட்டும் பார் என்று உபதேசம் வேறு. கூண்டின் சாவி கையில் இருப்பவர்களுக்கு இது வசதியான தத்துவம். அதை ஆசிரியரின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

அந்தக் கிரகமே பில்லிக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதையும் நாவல் ஓரமாகச் சொல்லிவைக்கிறது. போர் முடிந்து, முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் அவன் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டில்காரர் அறிவியல் கதைகள் படிக்கக் கொடுக்கிறார். அதில் ஒன்று, பூமியிலிருந்து ஓர் ஆணையும் பெண்ணையும் கடத்தி வேற்றுக்கிரக மிருகக்காட்சிசாலையில் வைக்கும் கதை. பல ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் ஒரு கடையில் அதே புத்தகத்தைப் புரட்டும்போது, இதை முன்பே படித்திருக்கிறோமே என்று அவனுக்கு நினைவு வருகிறது. வானகட் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். போர் மனத்தில் விட்டுப்போகும் காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இன்றைய பெயர் ஏறியதே 1980-இல்தான். பெயர் இல்லாத நோயை, பில்லி காலத்தில் முன்னும் பின்னும் தாவும் காலப்பயணமாக அவர் எழுதினார்.

ஓர் இடத்தை மட்டும் திரும்பப் படியுங்கள். பில்லியின் திருமண நாள் விருந்து. நான்கு நண்பர்கள் சேர்ந்து நின்று பழைய பாட்டு ஒன்றைப் பாடுகிறார்கள். பில்லியின் முகம் கோணிக்கொண்டு போகிறது. மாரடைப்போ என்று பதறுகிறார்கள். மாடிக்குப் போய்க் கட்டிலில் படுத்து, ஏன் இப்படி ஆனது என்று யோசிக்கிறான். ட்ரெஸ்டன் எரிந்த அன்று நிலவறையில் நின்ற நான்கு ஜெர்மன் காவலர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். தங்கள் ஊரும் குடும்பமும் மேலே எரிகின்றன என்று தெரிந்தவர்கள். வாய் திறக்கிறது, மூடுகிறது, பேச்சு வரவில்லை. ஊமைப்படத்தில் பாடகர்கள் பாடுவதுபோல இருந்தது. நாவல் முழுக்க அங்கும் இங்கும் காலத்தில் தூக்கி வீசப்படுகிறவன், இங்கே மட்டும் எங்கும் போகவில்லை, நினைத்துப் பார்க்கிறான். ஆசிரியரே அதைக் குறிப்பிட்டுச் சொல்கிறார். பறக்கும் தட்டு எதை மூடி மறைக்க வந்தது என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது, அதுவும் மூன்றாவது வாசிப்பில்.

பிறகு, பல ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவமனையில் நடக்கும் காட்சி. அடுத்த படுக்கையில், விமானப்படையின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கும் பேராசிரியர். ட்ரெஸ்டனைச் செய்தே ஆகவேண்டியிருந்தது என்கிறார். தெரியும் என்கிறான் பில்லி. எல்லோரும் தாங்கள் செய்வதைத்தான் செய்தாக வேண்டும், ட்ரால்ஃபமடோரில் கற்றேன் என்கிறான். கொளுத்திய தரப்பின் வாக்கியமும் வேற்றுக்கிரகத்தாரின் வாக்கியமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. பிணம் தோண்டியவன் தலையாட்டுகிறான். எனக்கு அந்த நாவலில் மிகவும் பயங்கரமான பக்கம், எரியும் நகரம் இல்லை, இதுதான். ஆக, குண்டு போட்டவனுக்கும் அதே விதிதானே என்கிறீர்களே, அவனுடைய வக்கீல் அப்படித்தான் வாதாடுவார். செய்தே ஆகவேண்டியிருந்ததா என்ற சந்தேகம் சர்ச்சிலுக்கே வந்தது. வேறு சாக்குகள் சொல்லி, பீதியைக் கூட்டுவதற்காகவே ஜெர்மன் நகரங்களைத் தாக்குவதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 1945 மார்ச் 28 அன்று குறிப்பு எழுதினார். தளபதிகள் முகம் சுளித்ததும் அதைத் திரும்பப் பெற்று, மெழுகி, வேறு மாதிரி எழுதிக்கொடுத்தார். விதி இப்படித் திருத்திய பிரதி வெளியிடுவதில்லை.

‘அப்படித்தான்’ பற்றி. நூறு முறைக்கு மேல் வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். மனிதர்களுக்கு மட்டுமா? மருந்துப் புகையில் செத்த பேனுக்கும் உண்டு, நுரை அடங்கிப்போன ஷாம்பெயினுக்கும் உண்டு. இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சொல்ல ஒன்றும் இல்லாமல், “நம் கையில் என்ன இருக்கிறது” என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறோமே, அது தத்துவமா?

பில்லி பின்னோக்கிப் பார்க்கும் போர்ப்படம் ஒன்று வரும். விமானங்கள் பின்பக்கமாகப் பறந்து, எரியும் நகரத்தின் நெருப்பை உறிஞ்சி உருளைகளில் அடைத்து எடுத்துப் போகின்றன. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு பகலாக அவற்றைப் பிரிக்கிறார்கள். உள்ளே இருந்த தாதுக்களைத் தொலைதூர இடங்களுக்கு அனுப்பி, யாருக்கும் தீங்கு வராதபடி மண்ணுக்குள் ஒளித்துவைக்கிறார்கள். அழகான கனவு என்று எல்லோரும் மெச்சும் பகுதி. நான் அதில் கைகளைத்தான் எண்ணினேன். ஒரு குண்டு விழ எத்தனை கைகள்! தோண்டியவன், பூட்டியவள், ஏற்றியவன், விசையை இழுத்தவன்.

அந்தக் கைகளுக்கு வானகட் தன் குரலில் நேராகப் பேசும் இடம் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. முன்னுரை என்று நினைத்துத் தாண்டியிருப்பீர்கள், பலர் தாண்டுகிறார்கள். எந்த நிலையிலும் படுகொலையில் பங்கெடுக்கக் கூடாது, எதிரிகள் கொத்தாக மடிந்த செய்தி கேட்டு மகிழக் கூடாது, படுகொலைக் கருவி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கக் கூடாது என்று தன் மகன்களிடம் சொல்லிவைத்திருக்கிறாராம். எல்லாம் முன்பே முடிவானது என்று நம்புகிறவர் பிள்ளைகளுக்கு எதற்காக இதைச் சொல்லப் போகிறார்? கெட்டதைப் பார்க்காதே என்கிறார்கள் அந்தக் கிரகத்தார். எரியும் ஊரைத் திரும்பிப் பார்த்து உப்புத்தூணான பைபிள் பெண்ணை, திரும்பிப் பார்த்ததற்காகவே நேசிப்பதாக அதே அத்தியாயத்தில் இவர் எழுதுகிறார்.

நண்பரிடம் புத்தகத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால், அந்த அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுக் கொடுங்கள்.