கூரையில் காடு, வீட்டுக்குள் மட்கு: ஹுண்டர்ட்வாசர் கேள்வி பதில்

ஆஸ்திரிய ஓவியரும் எழுத்தாளருமான ஃப்ரீடன்ஸ்ரைக் ஹுண்டர்ட்வாசர் (1928–2000) பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (கட்டடக்கலை மாணவி, திருச்சி): இவரைக் கட்டடக் கலைஞர் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். இவர் ஓவியர், பிரகடனங்கள் எழுதியவர். கட்டடக்கலை படித்தவர் அல்ல. வியன்னாவில் இவர் பெயரில் நிற்கும் குடியிருப்பு 1985-இல் முடிந்தது. அதில் முதலில் யோசெஃப் கிராவினாவும் பிறகு பேட்டர் பெலிகானும் கட்டடக் கலைஞர்களாக இருந்தார்கள். கிராவினா இணைப் படைப்பாளர் என்று 2010-இல் ஆஸ்திரிய உச்ச நீதிமன்றம் வரை போய் முடிவானது. கட்டுரையில் இந்த இருவர் பெயரையும் விட்டுவிடாதீர்கள். அந்த வேலைக்கு ஹுண்டர்ட்வாசர் சம்பளம் வாங்கவில்லை.

கேள்வி: "சன்னல் உரிமை, மரக் கடமை" என்பது வெறும் முழக்கம்தானே?

இல்லை. 1972-இல் எழுதியது, பிறகு அந்தக் குடியிருப்பின் வாடகை ஒப்பந்தத்திலேயே ஏறியது. குடியிருப்பவர் சன்னல் வழியே குனிந்து, கை எட்டும் தூரம் வரை வெளிச்சுவரைத் தன் விருப்பப்படி மாற்றலாம். தெருவில் போகிறவருக்கு, உள்ளே வாழ்வது ஒரு தனி மனிதர் என்று தெரிய வேண்டும் என்பதே நோக்கம். 1958-இல் ஆஸ்திரியாவின் செக்கௌ மடத்தில் வாசித்த, இயந்திரத்தனமான கட்டடக்கலையை எதிர்த்த "பூஞ்சணப் பிரகடனம்" என்ற அறிக்கையில் நேர்கோட்டை இவர் தாக்கியதும் இதே காரணத்துக்காகத்தான். மரக் கடமை அடுத்த பாதி: கட்டடம் எவ்வளவு மண்ணை மூடியதோ, அவ்வளவையும் கூரையில் திருப்பித் தர வேண்டும்.

கேள்வி (கோவை): "மரக் குடித்தனக்காரர்" என்றாரே, அதை அடுக்குமாடி வீட்டில் செய்ய முடியுமா?

1973-இல் மிலான் நகரில் மன்சோனி வீதி வீடுகளின் சன்னல்களில் மரங்களை நட்டுக் காட்டினார். மரமும் வாடகை தருகிறது, பிராணவாயுவாக, நிழலாக, தூசி வடிகட்டியாக என்பது அவர் கணக்கு.

உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தொட்டி, ஆழம் 80 செ.மீ. மழையில் நனைந்த தோட்ட மண் கன மீட்டருக்குச் சுமார் 1.8 டன். ஆக, தொட்டி மண் மட்டும் 1,400 கிலோவைத் தாண்டும். நம் குடியிருப்புத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குத்தான் கணக்கிடப்படுகின்றன. ஏழு மடங்கு! தளத்தின் நடுவில் வைக்கவே கூடாது. உத்தரத்தின் மேலோ தூணுக்குப் பக்கத்திலோதான், அதுவும் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான். தென்னை நார்க் கழிவும் பெர்லைட்டும் (எடை குறைந்த எரிமலைப் பாறைத் துகள்) கலந்தால் எடை கணிசமாகக் குறையும், ஆனால் மரத்தைப் பிடித்து நிறுத்தும் பலமும் குறையும். வேர்க்கட்டியையே அடியில் கம்பி வலையோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது நீர்த்தடுப்புதான். வெறும் தார்ப்பூச்சை வேர் துளைத்துவிடும். அதன் மேல் கெட்டியான வேர்த்தடுப்புத் தாள், அதன் மேல் வடிகால் அடுக்கு, அதற்கும் மேல் வடிதுணி, கடைசியாக மண். வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளியேற மேல்மட்டத்தில் இன்னொரு குழாய். மண் போடும் முன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதியுங்கள். அரசு, ஆல், அத்தி எதுவும் வேண்டாம், சுவரைப் பிளந்துவிடும்.

கேள்வி: அவர் களத்தில் இறங்கினாரா, படம் வரைந்ததோடு சரியா?

இறங்கினார். வியன்னாவுக்குக் கிழக்கே ஹைன்பர்க் பக்கம் டான்யூப் ஆற்றங்கரைக் காட்டை வெட்டி நீர்மின் அணை கட்டப் போனார்கள். 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் உறைபனியில் கூடாரம் போட்டுக் காட்டை மறித்தார்கள். ஹுண்டர்ட்வாசர் அவர்களோடு போய் உட்கார்ந்தார், போராட்டத்துக்குச் சுவரொட்டி செய்து கொடுத்தார், தனக்குக் கிடைத்த ஆஸ்திரிய அரசின் உயரிய கலைப் பரிசுச் சான்றிதழைக் கிழித்துப் போட்டார். டிசம்பர் 19-இல் காவல்துறை தடியடி நடத்தியது. அன்று மாலையே வியன்னாவில் சுமார் 40,000 பேர் திரண்டார்கள். அரசு பின்வாங்கி வேலையை நிறுத்தியது. 1985 ஜனவரித் தொடக்கத்தில் நிர்வாக நீதிமன்றமும் தடை விதித்தது. மரவெட்டை முன்னேறவிடாமல் நாட்களை இழுத்ததுதான் கூடாரவாசிகளின் முழுச் சாதனை. அந்த நாட்கள் இல்லாவிட்டால் தடை வரும்போது காடு இருந்திருக்காது. 1996 முதல் அது தேசியப் பூங்கா.

கேள்வி (மதுரை): மொட்டை மாடியில் மண் கொட்டிப் புல் வளர்த்தால் வெயில் குறையுமா?

குறையும். சுமைக் கணக்கை மேலே பாருங்கள். பொறியாளர் இல்லாமல் வேண்டாம்.

கேள்வி: மட்குக் கழிவறையைத் தன் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தாராமே? நாற்றம்?

வைத்திருந்தார். 1979-இல் அதற்கென்றே ஒரு பிரகடனம் எழுதினார். உணவை மதிக்கிறோம், அதன் மறுபாதியை மட்டும் குடிநீர் ஊற்றி விரட்டுகிறோம் என்ற கோபம் அதில் இருக்கிறது.

முறை எளிது. இரண்டு கலன்கள். ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்றது மூடி ஆறட்டும். ஒவ்வொரு முறையும் மேலே ஒரு முகவை உலர்ந்த மட்கு, மரத்தூள் அல்லது பொடித்த சருகு. கழிவு கண்ணுக்குத் தெரியக் கூடாது. கலவை பிழிந்த துணிபோல ஈரமாக இருக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வந்தால் சிறுநீர் அதிகம்: அதைத் தனியே பிரியுங்கள் அல்லது மரத்தூளைக் கூட்டுங்கள். அழுகல் வாடை வந்தால் காற்றோட்டம் இல்லை. ஈ மொய்த்தால் மூடுவது போதவில்லை.

சாம்பல் மட்டும் போடுகிறவர்கள் கவனியுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும், கிருமியை ஒடுக்கும், ஆனால் மட்கவிடாது. கலன் மூடிய பிறகு நம் வெப்பத்தில் ஓர் ஆண்டுக்கு மேல் ஆற வேண்டும். உருண்டைப் புழு முட்டைகள் லேசில் சாவதில்லை. கீரைப் பாத்திக்கு வேண்டவே வேண்டாம், மரத்தடிக்குப் போடுங்கள்.

கேள்வி (சென்னை): குப்பை எரிக்கும் ஆலைக்குத் தங்கக் கோளம் வைத்து அலங்கரித்தவரைச் சூழலியலாளர் என்கிறீர்களே!

நியாயமான கேள்வி, அவருடைய சூழலியல் தோழர்கள் அன்றே அவரிடம் கேட்டது. வியன்னாவின் ஸ்பிட்டெலாவ் ஆலை 1987-இல் தீப்பிடித்தது. மேயர் ஹெல்முட் சில்க் அழைத்தபோது ஹுண்டர்ட்வாசர் முதலில் மறுத்தார். பிறகு, புகை வடிகட்டும் கருவிகள் அன்றைய நிலையில் ஆகச் சிறந்தவையாக இருக்க வேண்டும், நகரம் குப்பையைக் குறைக்கப் பாடுபட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். 1992-இல் வேலை முடிந்தது. குப்பையைக் குறைக்கும் வரை ஏதாவது செய்துதானே ஆக வேண்டும் என்பது அவர் வாதம்.

என் கருத்து: வடிகட்டியைக் கேட்டது சரி, முகப்பைக் கொடுத்தது தவறு. முகப்பு உலகம் முழுதும் படமாகப் போனது, நிபந்தனைகள் கூடவே போகவில்லை. அதே பாணியில் ஒசாகாவில் இன்னோர் எரிஆலையே எழுந்தது.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் இங்கே எரிஆலை வேண்டும் என்பவர்கள் ஸ்பிட்டெலாவைக் காட்டும்போது என்ன சொல்வது?

மூன்றைக் கேளுங்கள். குப்பையின் ஈரம் எவ்வளவு? நம் குப்பையில் உணவுக் கழிவும் ஈரமும் மிகுதி; நீரை ஆவியாக்கவே வெப்பம் போய்விடும். வெப்பத்தை வாங்குபவர் யார்? ஸ்பிட்டெலாவின் வரவு குளிர்கால வீடுகளுக்குக் குழாயில் போகும் சூடு. சென்னையில் அதற்கு வீடு கிடையாது. புகையில் வரும் டயாக்சின் என்ற நச்சுப்பொருளின் அளவு எத்தனை நாளுக்கொரு முறை, யாரால் அளக்கப்படும்? மூன்றாவதற்குப் பதில் எழுத்தில் வரும் வரை கோபுரத்தின் அழகைப் பேச வேண்டாம்.

கேள்வி: இல்லை, அவர் விலைபோய்விட்டார் என்றே நினைக்கிறேன்.

நினைக்கலாம். ஆனால் அதே மனிதர் அணு உலைக்கு எதிராகவும் கடலுக்காகவும் செய்த சுவரொட்டிகளின் வரவை இயக்கங்களுக்கே கொடுத்தார் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஓர் ஒப்பந்தத்தை வைத்து ஐம்பது ஆண்டுகளை எடைபோட முடியாது.

கேள்வி: மன்னராட்சி ஆதரவாளராமே?

ஆம். 1980-களில் அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னராட்சி வேண்டும் என்று எழுதினார். ஆஸ்திரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதையும் எதிர்த்தார். இடது, வலது பெட்டிகளில் அவரை அடைக்க முயல்வது வீண்.

கேள்வி (அச்சுக் கலைஞர், சிவகாசி): ஓர் ஓவியத்தை அவரைப் போலப் பத்தாயிரம் பிரதி போட்டால் மதிப்புப் போகாதா?

அதுதான் அவர் விரும்பியது. 1970 வாக்கில் ஒரு நகரக் காட்சியைப் பட்டுத்திரை அச்சில் 10,000 பிரதி போட்டார். வண்ணச் சேர்க்கைகளை மாற்றி மாற்றி அச்சிட்டதால் பல வகைகள், சாதாரண ஆட்கள் வாங்கும் விலை. எத்தனை வண்ணம், எந்த அச்சகம், எத்தனை பிரதி என்ற விவரங்களைத் தாளிலேயே அச்சிடுவது அவர் வழக்கம். நீங்களும் செய்யுங்கள், போலி போடுபவர் தடுமாறும் இடம் அது.

கேள்வி: மாடியில் மாமரம் வைக்கலாமா?

பொறியாளர்.