பீ பஃபர் தீவனத்தைத் தொடவில்லையா?

கேள்வி: பட்டாணி அளவுள்ள பீ பஃபர் மீன்கள் நான்கை வாங்கி ஓரடித் தொட்டியில் விட்டேன். குருணைத் தீவனத்தை அவை தொடவே இல்லை. ஒன்று மற்ற மூன்றையும் ஓயாமல் விரட்டுகிறது. ஒன்றின் வயிறு ஒட்டிப்போய்விட்டது. கடைக்காரர் கல் உப்பு போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். பச்சைப் புள்ளிப் பேத்தை போன்ற சில பஃபர் இனங்கள் வளர வளர உப்பு கலந்த நீர் தேவைப்படுபவை. அவற்றுக்கான ஆலோசனையை இந்த மீனுக்கும் சொல்லிவிடுகிறார்கள். பீ பஃபர் முழுக்க முழுக்க நன்னீர் மீன். 1941-இல் மீனியல் அறிஞர்கள் ஹோராவும் நாயரும் கேரளத்தின் பம்பை ஆற்றிலிருந்து இதை முதன்முதலில் விவரித்தார்கள். செடிகள் மண்டிய, ஓட்டம் குறைந்த ஆற்றோரங்களே இதன் வீடு. உங்கள் மீன்களுக்கு இப்போதைய தேவை சரியான இரையும் ஒளிந்துகொள்ள இடமும்தான்.

முதலில் இரை. இது வேட்டையாடித் தின்னும் மீன். அசையாமல் கிடக்கும் குருணை இதன் கண்ணுக்கு உணவாகவே தெரியாது. பசித்தால் தானாகத் தின்றுவிடும் என்று காத்திருந்தால் பட்டினியில் செத்துப்போகும். ஒரு சிறு நத்தையைத் தொட்டிக்குள் போட்டுப் பாருங்கள். மீன் அதன் எதிரே அந்தரத்தில் நின்றுகொள்ளும். ஒரு கண் நத்தைமேல் இருக்க, மறு கண் தனியே சுழன்று வேறு பக்கம் பார்க்கும். ஓட்டுக்குள்ளிருந்து நத்தை உடலை நீட்டும்வரை பொறுத்திருந்து, நீட்டியதும் வெடுக்கென்று கடித்து இழுக்கும். இதைப் பார்த்த பிறகு குருணை டப்பாவைத் திறக்க உங்களுக்கே மனம் வராது.

ஒரு வாளித் தண்ணீரில் ராம்ஸ்ஹார்ன் நத்தைகளை விட்டு, வேகவைத்த கீரைத் துண்டு போட்டு வந்தால் அவை தாமாகப் பெருகும். கொசு முட்டையிடாதபடி வாளியை வலையால் மூடுங்கள். கொசுப்புழு இதற்குப் பிடித்த இரைதான். ஆனால் டெங்கு உள்ள ஊரில் அதற்காக வீட்டில் தண்ணீர் தேக்கி வைக்கக் கூடாது. உறைய வைத்த பிளட் வோர்ம் என்ற சிவப்புப் புழு, உயிருள்ள டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சி ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். சாக்கடையில் அள்ளி வரும் டியூபிஃபெக்ஸ் புழுவைத் தவிர்ப்பது நல்லது. அதனோடு நோயும் வரும். மலேசியன் ட்ரம்பெட் நத்தையின் ஓடு மிகக் கடினம், அதுவும் வேண்டாம். மிஞ்சிய இரையை அன்றே உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

அடுத்தது சண்டை. விரட்டுவது பெரும்பாலும் ஆணாக இருக்கும். வளர்ந்த ஆணின் வயிற்றில் நீளவாக்கில் ஒரு கரிய கோடும், கண்ணுக்குப் பின்னால் மெல்லிய சுருக்கக் கோடுகளும் தெரியும். பெண் உருண்டையாக இருக்கும். வழக்கமான ஓரடித் தொட்டியில் பதினைந்து லிட்டர் தண்ணீர்கூட நிற்காது. அது ஒரு மீனுக்கே சற்று நெருக்கடியான இடம். இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கி, ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் விடுங்கள். ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா, ஜாவா மாஸ் ஆகிய நீர்த்தாவரங்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாத அளவுக்கு அடர்த்தியாக வையுங்கள். கண்ணில் படாத எதிரியை இந்த மீன் தேடிப் போய் அடிப்பதில்லை. கப்பி, ஏஞ்சல் என்று துணைக்கு எதையும் விடாதீர்கள், வால் மிஞ்சாது.

வயிறு ஒட்டிய மீனைப் பழைய தொட்டியில் தனியே வையுங்கள். பிடிக்கும்போது வலையில் தூக்காமல் ஒரு கோப்பையில் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். வெளியே தூக்கினால் பயத்தில் காற்றை விழுங்கி உப்பிவிடும், பிறகு அதை வெளியேற்றத் திணறும். அங்கே நன்றாகத் தின்றும் தேறவில்லை, எச்சம் வெள்ளை நூலாகப் போகிறது என்றால் குடல் புழு இருக்கலாம். ஆற்றில் பிடித்து விற்கப்படும் மீன்களில் இது சாதாரணம். லெவமிசோல் போன்ற மருந்து உண்டு. அளவை மீன் நோய் அறிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்றே ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். அதற்குப் புதுத் தொட்டியில் நன்மை செய்யும் பாக்டீரியா வளர வேண்டும். அதற்கே சில வாரங்கள் பிடிக்கும். பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் புதியதிலும் ஓடவிட்டால் சீக்கிரம் தயாராகும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி போதும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை, குளோரின் நீக்கி மாற்றுங்கள்.

ஒன்று இறந்தால் உடனே இன்னொன்று என்று வாங்கிவிடாதீர்கள். கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும் மட்டுமே இயற்கையாக வாழும் இந்த மீன், அழியக்கூடிய நிலையில் உள்ள இனமாக ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. ஜாவா மாஸில் முட்டையிட வைத்து வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். முடிந்தால் அவர்களிடம் வாங்குங்கள். கடையில்தான் வாங்க வேண்டுமென்றால், உங்கள் கண்முன்னே ஒரு புழுவைப் போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்னும் மீனை மட்டும் எடுத்து வாருங்கள்.