பாதிக் காசு உடைந்ததல்ல

இங்கிலாந்தின் சஃபோக் வயலில் கிடைத்த வெள்ளிக்காசு பாதியாக உடைந்திருக்கிறதே என்று வருந்தியிருக்கிறீர்கள். அது உடைந்ததல்ல, வெட்டியது! உங்கள் படத்தில் அந்த நேர்விளிம்பைப் பாருங்கள். காசின் பின்புறம் உள்ள சிலுவையின் கையை ஒட்டியே வெட்டு போயிருக்கிறது. அரை பென்னிக்கு ஒரு பென்னி முழுக் காசை இப்படித்தான் நறுக்கிச் செலவழித்தார்கள். இரட்டைக் கோட்டுச் சிலுவை விளிம்புவரை நீள்வதால், இது இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி 1247இல் தொடங்கிய வகை. 1279 வரை அடித்தார்கள். பின்புற எழுத்தில் 'ஆன்' (ON) என்ற சொல்லுக்கு முன்னே காசு அடித்தவர் பெயர், பின்னே ஊர்.

தயவுசெய்து தேய்த்துக் கழுவாதீர்கள். எடை, இருபுறப் படம், கிடைத்த இடத்தின் துல்லியமான வரைபடக் குறியீடு ஆகியவற்றுடன் உங்கள் பகுதித் தொல்பொருள் தொடர்பு அலுவலரிடம் (பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதிவு செய்பவர்) பதிவு செய்யுங்கள். இடம் தெரியாத காசு பாதி ஊமை. அருகிலேயே இன்னொன்று கிடைத்தால் புதையல் சட்டம் பொருந்தக்கூடும். 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.